எட்டு நிமிடத் தங்கை

அவளுக்கு வராத நோய் கிடையாது. நெஞ்சுவலி ஒன்பது தடவை, சிறுநீரகக் கல் ஐந்து தடவை, பக்கவாதம் இரண்டு, பாம்புக்கடி ஒன்று. இத்தனையும் வந்து போன பிறகும் ஆள் குத்துக்கல் மாதிரி இருந்தாள். மருத்துவக் கல்லூரியில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர்கள் வரைக்கும் அவளுக்குச் சர்வரோகி என்றுதான் பெயர். முகத்துக்கு நேராகவே சர்வரோகி அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளும் ஏதோ பட்டம் வாங்கியவள் போல அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

நோயாளியாக நடிப்பது அவளுடைய வேலை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கும்போது நிஜ நோயாளியை உட்கார வைத்தால் சரிப்படாது. பதினாறு பேர் வரிசையாக வந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், எட்டாவது ஆளுக்குள் அந்த மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதனால் இதற்கென்று ஆட்களை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் அட்டை. நோய் என்ன, குணம் என்ன, எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கும். மணி அடித்தால் ஒரு மாணவர் உள்ளே வருவார். எட்டு நிமிடம். மறுபடி மணி. அவர் அடுத்த அறைக்குப் போக, அடுத்தவர் உள்ளே வருவார். முதல் ஆளுக்குச் சொன்னதைத்தான் பதினாறாவது ஆளுக்கும் சொல்ல வேண்டும். கூடினால் ஒருவருக்குச் சலுகை, குறைந்தால் ஒருவருக்கு அநியாயம்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் தையல் கம்பெனியில் காலர் தைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், வலி எங்கே புறப்பட்டு எந்த வழியாகப் போய் எங்கே இறங்குகிறது என்று பஸ் ரூட் சொல்வது போலச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதையே நாளைக்கு வந்து என் பசங்களுக்குச் சொல்லுவீங்களா?" என்றார். அட்டைகளை எழுதுவதே அந்த அம்மாதான். அதனால் அவருக்கு அட்டை டாக்டர் என்று பெயர். சர்வரோகிக்குக் கழுத்து சரியாகிவிட்டது, வேலை ஒட்டிக்கொண்டது.

வலியை எல்லோரும் நடிப்பார்கள். அவள் கெட்டவர்களை நடித்தாள். குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறவள், வார்டு மாத்திரையைத் திருடுகிற நர்ஸ், பெற்ற பிள்ளைக்குச் சூடு வைத்த தாய். இந்த மாதிரி அட்டை வந்தால் மற்றவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், இவள் கை நீட்டி வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டுவாள். இந்த ஆள் உட்கார்ந்தால் கை எங்கே இருக்கும் என்று முதலில் பார்ப்பாள். பிறகு, பொய் சொல்லி எதைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று யோசிப்பாள். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். "கெட்டவளா நடிச்சா பிள்ளைங்க கெட்டவளை மட்டும்தான் பார்ப்பாங்க. அதுக்கு எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும், போலீஸ்ல சேர்ந்துட்டுப் போகட்டும்" என்பாள். அவளுடைய மாத்திரைத் திருடியைப் பார்த்த ஒரு பரீட்சகர் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்று பேச்சு.

அட்டையில் இருப்பவர்களுக்கு இப்படி அள்ளிக் கொடுத்தவள், சொந்தத் தங்கைக்குக் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்ததே அந்த வயிற்றெரிச்சலில்தான்.

தங்கை அவளைவிட ஏழு வயது சின்னவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அப்பாவோடு இருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எழுபத்தாறு வயதில் மறதி வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளாடையோடு தெருவில் இறங்கிப் போவார். ஒரு தடவை காஸைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்துச் சீழ் வைத்த புண் இருந்தது. அண்ணன் பார்த்தான், சர்வரோகியும் பார்த்தாள். இது என்ன என்று தங்கையைக் கேட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, "கட்டினேன்" என்றாள் அவள். அழுகை கிடையாது, மன்னிப்புக் கிடையாது. பத்தொன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். நுரையீரலில் கிருமி என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கட்டிப்போட்டே கொன்றுவிட்டாள் என்றான் அண்ணன். அன்றோடு தங்கையிடம் பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது தங்கை ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்திருந்தாள். அது அண்ணன் காதுக்கு எட்டிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அப்பாவின் போட்டோவுக்கு நேராக நின்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாத மனுஷன், யார் மீதாவது பாய்ந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். இல்லத்து நிர்வாகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினான். தன் கையெழுத்தைப் போட்டான். புண்ணை நேரில் பார்த்தவள் என்று சர்வரோகியின் கையெழுத்தும் இருந்தால்தான் நிற்கும் என்று கொண்டுவந்து கொடுத்தான். அது போய்ச் சேர்ந்தால் தங்கைக்கு அந்த வேலை போகும். வேறு எந்த இல்லத்திலும், ஆஸ்பத்திரியிலும் அவளை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். நாளை சாயங்காலம் ஐந்தரைக்குக் கல்லூரி வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டுத் தருகிறேன் என்றுதான் இவளும் சொன்னாள். கடிதம் கைப்பைக்குள் போனது.

மறுநாள் பரீட்சை. காலை ஏழு மணிக்கு அட்டை டாக்டர் அவளைத் தாழ்வாரத்திலேயே மடக்கினார். ஆறாம் அறையில் நடிக்க வேண்டிய டீச்சர் அம்மா குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாராம்.

"நீங்கதான் பண்ணணும். உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. நீங்க சொன்ன ஆளுதானே" என்று அட்டையை நீட்டினார்.

வாங்கிப் படித்த சர்வரோகி முதல் வரிக்கே திரும்பிப் போய் மறுபடி படித்தாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் நடிகர்களையெல்லாம் உட்கார வைத்து டீ கொடுத்து, "நினைச்சாலே உங்களுக்குக் கோபம் வர்ற ஒரு ஆளைப் பத்திச் சொல்லுங்க, அட்டை எழுதணும்" என்று கேட்டிருந்தார் அவர். எல்லோரும் மாமியார், வீட்டுக்காரர் என்று ஏதோ சொன்னார்கள். இவள் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவில் ஒருத்தி என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கை கட்டி நின்ற விதம், கண்ணைப் பார்க்காத விதம், எல்லாவற்றையும் ரசித்து ரசித்துச் சொன்னாள். மனப்பாரம் இறங்கினாற்போல அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். அது அட்டையாகி, சுற்றிக்கொண்டு வந்து, அவள் கையிலேயே உட்காரும் என்று யார் கண்டது?

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: மகள், வயது நாற்பத்திரண்டு. மறதி உள்ள தந்தையின் மணிக்கட்டில் புண். மாணவர் அதைப் பற்றி விசாரிக்க வேண்டும். மகள் முதலில் மறுப்பாள். கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். முகம் பார்த்துப் பேச மாட்டாள். அழ மாட்டாள். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை: வேலைக்குப் போவதற்காகக் கட்டினேன். வீட்டில் உதவிக்கு வேறு யாரும் இல்லை.

வேறு அறைக்கு மாற்றிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். அட்டையோடு ஆறாம் அறைக்குள் போனாள்.

இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கை கழுவும் தொட்டி. மூலையில் பரீட்சகர். அவர் காது மூக்கு தொண்டை டாக்டர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே மதிப்பெண் போடுகிற பழக்கம். மணி அடித்தது. முதல் மாணவன் வந்து வணக்கம் சொன்னான். சர்வரோகி கையைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு, தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா கையில காயம் இருக்கே, எப்படி வந்தது?"

"எனக்கு என்ன தெரியும். எங்கேயாவது இடிச்சிருப்பாரு."

அந்தக் குரலுக்கு அவள் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வருட வெறுப்பு ஊறிப்போய் இருந்தது, எடுத்துப் பரிமாறினாள், அவ்வளவுதான். பரீட்சகர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த ஆள் எதைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று கேட்காமலேயே ஒரு வேஷத்தைப் போட்டுக்கொண்டாள் சர்வரோகி. அது அவளுக்கே அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவதாக வந்த பெண் சுட்டி. கட்டியதை நாலு கேள்வியில் கறந்துவிட்டு, "வீட்டுல உதவிக்கு வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை."

வாய் சொன்னது. சொன்ன பிறகு காதில் விழுந்தது. அண்ணன் இல்லை, அக்கா இல்லை. டீ குடித்துக்கொண்டே அன்றைக்குக் கதை சொன்னவள், கதையிலிருந்து தன்னைக் கத்தரித்துப் போட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தாள். நறுக்கென்று, நூல் பிசிறுகூடத் தெரியாமல். காலர் தைத்த கை அல்லவா. நாலாவது ஆளுக்கும் அதையே சொன்னாள். ஐந்தாவது ஆள் கேட்கவில்லை. ஆறாவது ஆள் கேட்டான். "யாரும் இல்லை" என்பது இரண்டாகப் பிரிந்து வந்தது. நடிப்பு என்று நினைத்துப் பரீட்சகர் அதற்கும் தலையாட்டினார்.

ஏழாவது ஆளின்போது தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரமாகக் கையை இறுக்கிக் கட்டியிருந்தாள். திமிர் பிடித்தவர்கள் இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும், பத்து நிமிடம் தாங்காது. திமிருக்குக் கை தளர்வாக இருந்தால் போதும். இந்த இறுக்கம் வேறு. விரல்கள் விலாவில் பதிந்து, அக்குளுக்குள் ஒளிந்து, வெளியே எடுத்தால் நடுங்கும் என்று பயந்து இருக்கிற கை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்ற தங்கையின் தோளும் இப்படித்தான் காதுவரை ஏறியிருந்தது. எத்தனையோ பேருடைய கையைப் பார்த்துக் கதை சொல்லத் தெரிந்தவளுக்கு, கூடப் பிறந்தவளின் கை அன்றைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி.

எட்டு பேர் முடிந்ததும் பதினைந்து நிமிட இடைவேளை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். இங்கேயே கையெழுத்தைப் போட்டு ஒழித்துவிடலாம் என்று கடிதத்தை எடுத்து முழங்காலில் விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். அண்ணனின் எழுத்து அழகாக இருக்கும். 'எங்கள் தந்தையைக் கவனிக்க வேறு யாரும் இல்லாததைப் பயன்படுத்திக்கொண்டு' என்று ஒரு வரி. அங்கேயே கண் நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலேயே அண்ணனும் அவளும் ஒரே இடத்தில் கத்தரித்திருக்கிறார்கள்.

ஒரு போன் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அக்கா, ஒரு மாசம் அப்பாவை வெச்சுக்கிறியா? ஒரே ஒரு மாசம்" என்றாள் தங்கை. "மூணாவது மாடிடி. லிஃப்ட் கிடையாது. அவரை எப்படி ஏத்தி இறக்குறது?" என்றாள் இவள். சர்வரோகியின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று அப்போது அதைச் சிரிப்பாகவே சொல்லிப் போனை வைத்தாள். நாலு ஆள் பிடித்து ஒரு நாற்காலியில் தூக்கினால் அப்பா மேலே வந்திருப்பார். தினமும் ஏற்றி இறக்க வேண்டிய தேவையும் இல்லை. அது எப்போது நடந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஒரு மாதம், இரண்டு மாதம் முன்னால் என்று மனதில் வைத்திருந்தாள். இதை அண்ணனிடம் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மணி அடித்தது. கையெழுத்துப் போடாமல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பதினொன்றாவதாக வந்தவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வயது கூடியவள். கரகரத்த குரல். கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தெரியவில்லை. காயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே, "நீங்க கடைசியா எப்ப விடிய விடியத் தூங்கினீங்க?" என்று கேட்டாள்.

அட்டையில் அதற்குப் பதில் இல்லை. அட்டையில் இல்லாததைக் கேட்டால் 'ஞாபகம் இல்லை' என்று சொல்ல வேண்டும் என்பது சட்டம். "ஞாபகம் இல்லை" என்றாள் சர்வரோகி. உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. தங்கை எப்போது தூங்கினாள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"ஒரு நாள் மாத்தி விடறதுக்குக்கூட வீட்டுல யாரும் இல்லையா?"

சர்வரோகி வாயைத் திறந்தாள். யாரும் இல்லை என்ற இரண்டு சொல் தயாராக இருந்தது. வேறு ஒன்று வெளியே வந்தது.

"ஒரு அக்கா இருக்கா."

மூலையில் பேனா நின்றது.

"அவங்க வருவாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"கேட்டேன். மாடி ஏத்த முடியாதுன்னா."

அந்தப் பெண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். காயம், கயிறு, கடமை எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த அக்காவையே பிடித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறாள், மறுபடி கேட்டீர்களா, கேட்க ஏன் தயக்கம். எட்டு நிமிடமும் அதிலேயே போனது. மணி அடித்தபோது கேட்க வேண்டிய பன்னிரண்டு கேள்வியில் இரண்டுதான் கேட்டிருந்தாள்.

பரீட்சகர் எழுந்து வந்து அட்டையைத் தட்டிக் காட்டினார். "இதுல அக்காவே இல்லையே. அந்தப் பொண்ணு பாஸ் மார்க்கையே விட்டுட்டா. உங்களாலதான்." கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் மென்று முழுங்கவும் இல்லை. மணியை நிறுத்திவைத்து அட்டை டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தவறு அவள் செய்ததில்லை. அட்டை டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"அட்டை தப்பு டாக்டர். நான் சொன்னதுதான் தப்பு. தெருவில ஒருத்தி இல்லை, அது என் தங்கச்சி. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான், ஒரு அக்கா இருக்கா."

டாக்டர் அட்டையை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம். சரி, இப்ப ஒண்ணும் மாத்த முடியாது. பத்து பேருக்கு அட்டைப்படி சொல்லியாச்சு, மிச்சம் அஞ்சு பேருக்கும் அப்படியேதான் சொல்லணும். அந்தப் பொண்ணு கடைசியில இன்னொரு தடவை வருவா. முடியுமா, முடியாதா?"

முடியும் என்றாள். தண்டனை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்து பேரில் நாலு பேர் கேட்டார்கள். நாலு தடவை "யாரும் இல்லை" என்றாள். ஒவ்வொரு தடவையும் கையை இன்னும் இறுக்க வேண்டியிருந்தது. கடைசியாகப் பதினொன்றாவது பெண் மறுபடி வந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தடவை கேள்விகள் வரிசையாக வந்தன: காயம் எப்போது, எதனால் கட்டினீர்கள், எத்தனை மணி நேரம். சர்வரோகி ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படி பதில் சொல்லிவிட்டு, அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அக்கா அட்டையில் கிடையாது என்று அந்தப் பெண்ணுக்கு இப்போது தெரியும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். நல்ல மதிப்பெண்.

ஐந்தரைக்கு அண்ணன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தான்.

"போட்டுட்டியா?"

"இல்ல. நாளைக்குத் தர்றேன்."

"என்ன நாளைக்கு? அங்க நாப்பது பேரு இருக்காங்க, எல்லாம் அப்பா மாதிரி. யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. "அண்ணே, உன் லெட்டர்ல நம்ம ரெண்டு பேரையும் காணோம்" என்றாள்.

"நாம என்ன பண்ணினோம்?"

"அதைத்தான் எழுதலை."

அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். உனக்கும் அவள் போன் செய்தாளா என்று கேட்கச் சர்வரோகிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிய வேகத்திலேயே பாதிப் பதில் இருந்தது. "நாளைக்குக் காலையில வருவேன். அதுக்கு மேல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, தங்கையின் வீட்டுக்கு எதிரே போய் இறங்கினாள். அப்பா இருந்த அதே இரண்டு அறை. கதவைத் தட்டாமல் எதிர்ப்பக்கத்திலேயே நின்றாள். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது, தங்கை பார்த்துவிட்டாள். கதவைத் திறந்து, வாசலை மறித்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"லெட்டர் விஷயம் என் காதுக்கும் வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்லத்தான் வந்தியா?"

"இன்னும் போடலை."

"பின்ன?"

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள் சர்வரோகி. டீ குடித்துக்கொண்டே சொன்ன கதை, அட்டை, ஆறாம் அறை. சொல்லச் சொல்லத் தங்கையின் முகம் கறுத்தது.

"என்னை வெச்சுப் பரீட்சை நடத்தினியா?" என்றாள். "நான் வாயைத் திறக்காம இருந்தேன். நீ ஊரைக் கூட்டி என்னைக் காட்டிட்டு வந்திருக்கே."

"தப்புதான்."

"எத்தனை பேருக்கு முன்னாடி?"

"பதினாறு. ஒருத்தி ரெண்டு தடவை வந்தா."

தங்கை திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு அக்காவும் பின்னாலேயே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போகத்தான் கட்டினேன்னு எழுதியிருக்கா அதுல?" என்று கேட்டாள் தங்கை.

"ஆமா."

"அது இடுப்புல. போர்வையைக் கிழிச்சு, தளர்வா, கட்டிலோட. எழுந்து உட்காரலாம், படுக்கலாம். அஞ்சு மாசம் அப்படித்தான். கையில கட்டினது ஒரே ஒரு நாள்." நிறுத்தினாள். "அன்னைக்குச் சட்டை மாத்தும்போது என்னை யாரோ திருடின்னு நினைச்சுக் கன்னத்துல அறைஞ்சாரு. ரெண்டாவது தடவை கையை ஓங்கினாரு. எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. துணி உலர்த்துற கயிறை எடுத்து இழுத்துக் கட்டினேன். இழுத்துத்தான் கட்டினேன், தெரியாம இறுகலை. சாயங்காலம் வந்துதான் அவிழ்த்தேன். இதையும் உன் அட்டையில சேர்த்துக்கோ."

பஸ்ஸில் வரும்போது தங்கைக்காகச் சர்வரோகி ஒரு நியாயம் கட்டி வைத்திருந்தாள். தூக்கமில்லாதவள், துணையில்லாதவள், வேறு வழியில்லாமல் செய்தவள் என்று. எல்லாம் பொருந்தி வந்தது. இப்போது அதில் இந்தக் கோபம் பொருந்தவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷி அட்டைக்குள் அடங்க மாட்டேன் என்கிறாள். இவளை மன்னிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் மனம் தராசைத் தூக்கியது, தூக்கியதற்காக அவள்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள். கேட்கவே பயமாக இருந்தது. "அந்த இல்லத்துல... அங்கயும் அடிக்கிறவங்க இருப்பாங்க. உனக்குக் கோபம் வந்தா?"

தங்கை அவள் முகத்தை நேராகப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.

"வருது. வந்தா, கையை எடுத்துட்டு வெளியில வந்து கூப்பிடுவேன். அங்க கூப்பிட்டா யாராவது வர்றாங்க, அக்கா."

தெருவில் யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சர்வரோகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ எனக்குப் போன் பண்ணினியே, ஒரு மாசம் வெச்சுக்கச் சொல்லி. அது, நீ கையைக் கட்டினதுக்கு எவ்வளவு நாள் முன்னாடி?"

"எவ்வளவு நாளா? கட்டின அன்னைக்குக் காலையில. நீ போனை வெச்சதும் சட்டை மாத்தப் போனேன்."

அழுதாள். நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் அவளுக்கு அழகாக அழத் தெரியும். இது மூக்கு ஒழுக, வாய் கோணி, பார்க்கச் சகிக்காமல் வந்தது. தங்கை தேற்றவில்லை. முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழுது ஓய்ந்ததும் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, கட்டில் மேலேயே விரித்து, பேனாவைத் திறந்தாள். போட்டுவிடப் போகிறாள் என்று நினைத்துத் தங்கை சுவரோரமாக நகர்ந்தாள். அண்ணனின் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் சர்வரோகி எழுதினாள்: 'கட்டியது உண்மை. அன்று காலை அவள் முதலில் கூப்பிட்டது என்னை. அப்பாவை வைத்துக்கொள்ள முடியாது என்று நான் சொன்னேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். நாளைக் காலையில் அண்ணன் கையில் இதைத்தான் கொடுக்கப் போகிறாள். அவள் கையெழுத்தோடு அனுப்புவதானால் அவன் இப்படித்தான் அனுப்ப முடியும்.

தங்கை வந்து குனிந்து படித்தாள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"தேதி போடலையே" என்றாள்.

"ஞாபகம் இல்லைடி."

தங்கை தேதியைச் சொன்னாள். கிழமையைச் சொன்னாள். அக்கா எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "காலையில ஆறே முக்கால்" என்றாள். சர்வரோகி அதையும் எழுதினாள்.